வண்டி குடித்த தண்ணீர்

இப்போதெல்லாம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் காதும் கிடையாது, மூக்கும் கிடையாது. முன்னால் ஒரு விளக்கு எரிந்தால்தான் ஏதோ கோளாறு என்று தெரிகிறது. எரிந்தாலும் என்ன செய்கிறார்கள்? வண்டியை ஒரு முறை அணைத்துப் போடுகிறார்கள். விளக்கு போய்விட்டால் கோளாறும் போய்விட்டதாம். காய்ச்சல்காரனைத் தட்டித் தூங்க வைத்துவிட்டு, குணமாகிவிட்டது என்று சொல்லிக்கொள்வது மாதிரி.

என் மருமகனும் அந்த ரகம்தான். அவர் வாடகைக்கு ஓட்டுவது ஒரு பழைய ஹைபிரிட் கார். பாதி பெட்ரோலில் ஓடும், பாதி பேட்டரியில் ஓடும். எது எப்போது ஓடுகிறது என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. நான் ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவன். சத்தமே போடாத வண்டியை நான் எப்படி நம்புவேன்?

தொடர்கதையில் போடுகிற மாதிரி, இந்த வாரம்தான் எங்கள் வீட்டுக்குள் வருகிறவர்களுக்கு முன்கதையாக ஒரு வார்த்தை. எனக்கு ஒரு மகள், ஒரு மகன். மகளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. டயாலிசிஸ் மெஷினில்தான் உயிர் ஓடுகிறது. சின்னவன் தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று முன்வந்துவிட்டான். அடுத்த வாரம் ஆபரேஷன். எனக்கு வயதாகிவிட்டது, என்னுடையது வேண்டாம் என்றுவிட்டார்கள். மருமகனுக்கு ரத்தம் பொருந்தவில்லையாம். டாக்டர் சொன்னதாக அவர் சொன்னார். நான் டாக்டரிடம் கேட்கவில்லை. அவர் சொன்னதையும் நம்பவில்லை. அதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவரும் நானும் பேசுவதில்லை. ஒரே வீடு, ஒரே வாசல், எது சொல்வதானாலும் நடுவில் மகள்தான்.

போன வாரம் டாக்டரம்மா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். மகளுக்கு உடம்பில் தண்ணீர் ஏறிக்கொண்டே போகிறது. கால் வீங்கிவிட்டது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. "இப்படியே எடை ஏறினா இதயம் தாங்காது. நான் ஆபரேஷன் மேசையில ஏத்த மாட்டேன்" என்றார். கோடு போட்ட பாட்டிலில் அளந்துதான் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கிறோம். மருமகன் டாக்டரோடு சண்டை போட்டார். எடை பார்க்கிற மெஷினே பொய் என்றார். மகள் வீங்கிய காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

இது போன வாரம் வரைக்கும்.

அன்று டயாலிசிஸ் நாள். காலைச் சவாரியை இறக்கிவிட்டு வந்த மருமகன், வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பு முக்கோணம், நடுவில் ஆச்சரியக்குறி. பக்கத்தில் தெர்மாமீட்டர் படம் ஒன்றும் சிவப்பாக எரிந்தது.

மகள் செருப்பை இழுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் போனாள். கண்ணாடி வழியாக அவர் ஏதோ கேட்டார். இவள் ஏதோ சொன்னாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"என்னவாம்?" என்றேன்.

"சூடாகுதாம். இப்பவே ஷெட்டுக்குப் போகணுமாம். அங்கேருந்து அப்படியே ஆஸ்பத்திரிக்கு. நீங்களும் வாங்கப்பா."

"கேனை எடுத்துக்கறேன்."

"கேன் வண்டியிலதான் இருக்கு. ரொப்பணும்."

லாரிக்காரன் பழக்கம். வண்டியில் ஒரு சின்ன கேன் தண்ணீர் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. ரேடியேட்டருக்கு என்று தினமும் நான்தான் ரொப்பி வைப்பேன். குழாய்த் தண்ணீர் உப்புப் படியும் என்று, குடிக்கிற தண்ணீரையே காய்ச்சி ஆற வைத்து ஊற்றி, பின் சீட்டுக்கு முன்னால் வைத்துவிடுவேன். அதோடு என் வேலை முடிந்தது. மறுநாள் பார்த்தால் கேனில் பாதி இருக்காது. சில நாள் அடியில்தான் ஏதாவது கிடக்கும். இந்த வண்டி இப்படிக் குடிக்கிறதே, இது உருப்படாது என்று வீட்டில் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.

ரொப்பி வைத்தேன். கிளம்பினோம்.

ஷெட்காரனுக்குக் கொக்கு என்று பெயர். உயரம், ஒல்லி, நீளக் கழுத்து. பானெட்டுக்குள் தலையை விட்டால் ஏதோ மீனைக் கொத்தப் போகிறவன் மாதிரியே இருக்கும். வாய் ஓயாது. மருமகன் பிடித்து வைத்த ஆள் என்பதால் எனக்குப் பிடிக்காது.

"முக்கோணமா? அது சும்மா வீட்டு மணி அண்ணே. யாரோ வந்திருக்காங்கன்னு சொல்லும். யாருன்னு சொல்லாது." ஸ்கேனரின் வயரை ஸ்டியரிங்குக்கு அடியில் செருகினான். "சூடுன்னு சொல்லுது. எந்தப் பக்கம் சூடுன்னு இதுக்குச் சொல்லத் தெரியல. பழைய ஸ்கேனர். இந்த வண்டி பேசுறதுல பாதிதான் இதுக்குப் புரியும்."

"பக்கமா? ரேடியேட்டருக்கு ஏதுப்பா பக்கம்?" என்றேன்.

"பெரியவரே, லாரிக்கு ஒரு அடுப்பு. இதுக்கு ரெண்டு. எஞ்சினுக்குத் தனியா ஒரு தண்ணி சுத்துது. பேட்டரி கரண்ட்டை மாத்துற பெட்டி ஒண்ணு இருக்கே, இன்வெர்ட்டர், அதுக்குத் தனியா ஒரு தண்ணி. ரெண்டு டேங்க், ரெண்டு பம்ப். இதுக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது."

மகள் பழைய சீட் ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றிச் சுவரோரம் போட்டிருந்த சீட். கண்ணை மூடியிருந்தாள்.

"தண்ணி குறையுதா?" என்று கொக்கு கேட்டான்.

மருமகன் பெருமூச்சு விட்டார். "குறையுதாவா? குடிக்குதுப்பா. தினம் பாதி கேன். கீழ ஒரு சொட்டு ஒழுகல."

கொக்கின் முகம் மாறியது. பேச்சும் கொஞ்சம் குறைந்தது. "ஒழுகாம குறையுதுன்னா எஞ்சினுக்குள்ளதான் போகுது. ஹெட் கேஸ்கட், எஞ்சின் தலைக்கு அடியில தண்ணியைத் தடுக்கிற தகடு, அது போயிருக்கும் அண்ணே. தலையைக் கழட்டணும். வண்டி இங்கேயே கிடக்கும்."

"அடுத்த வாரம் இவளுக்கு ஆபரேஷன். வண்டி இல்லாம?"

"நான் என்ன செய்ய? அது உள்ளுக்குள்ள குடிக்குதே."

"நான் சொன்னேன்" என்றேன், சுவரைப் பார்த்து. "அன்னைக்கே சொன்னேன். யார் கேட்டா?"

மருமகன் மனைவி பக்கம் திரும்பினார். "உங்கப்பாவைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லு."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தோம். சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். அது மட்டும் கொக்குக்குத் தெரிந்திருந்தது. ஆறியதும் எஞ்சின் பக்கத்து டேங்க்கின் மூடியைக் கழற்றினான். விரலை விட்டு, ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் தடவினான். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பிறகு மருமகனை.

"எத்தனை நாளா ஊத்துறீங்க?"

"ஒரு மாசத்துக்கு மேலயே இருக்கும்" என்றார் மருமகன்.

"வெறும் தண்ணிதானே?"

"காய்ச்சின தண்ணி" என்றேன்.

"அப்ப இது வெளுத்துப் போயிருக்கணுமே." துணியை நீட்டினான். நல்ல ரோஜா நிறம். "கூலண்ட்னு கலர் மருந்துத் தண்ணி ஊத்துவோமே, அதை ஊத்தின நாள்ல என்ன நிறமோ அதே நிறம். சர்பத்துல நாலு குடம் தண்ணி ஊத்தினா சர்பத்தாவா இருக்கும்?"

அவனே குழம்பிப் போய், ஒரு கை பம்பைக் கொண்டு வந்து அந்த டேங்க்கின் வாயில் திருகினான். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி அடித்தான். அதில் ஒரு முள் இருந்தது, ஏறி நின்றது. எங்காவது ஓட்டை இருந்தால் முள் இறங்கும் என்றான். நாங்கள் எல்லாரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக் கத்திக்கொண்டிருந்தது. அது போயே போய்விட்டது. முள் நின்ற இடத்திலேயே நின்றது.

"கேஸ்கட் தங்கம் மாதிரி இருக்கு" என்றான் கொக்கு. "என் வாயைக் கழுவணும்."

இன்வெர்ட்டருக்கான இன்னொரு சின்ன டேங்க்கின் மூடியைத் திறந்தான். வண்டியை உயிர்ப்பிக்கச் சொன்னான். மருமகன் உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். சத்தம் எதுவும் வரவில்லை. வராதுதானே.

"பெரியவரே, இங்க வாங்க. என்ன தெரியுது?"

குனிந்தேன். உள்ளே அதே ரோஜாத் தண்ணீர், விளிம்பு வரை. ஆடாமல் அசையாமல் கிடந்தது. அதில் என் மூக்கு தெரிந்தது.

"இது கொதிக்கிற குளம் மாதிரி சுழலணும். பம்ப் செத்துப் போச்சு. தண்ணி ரொம்ப இருக்கு, ஓடத்தான் இல்ல. அதான் அந்தப் பெட்டி சூடாகி விளக்கைப் போடுது." அடியில் படுத்து, ஸ்பேனர் பிடியால் பம்பைத் தட்டிப் பார்த்தான். முனகல்கூட இல்லை. "முட்டி நொறுங்கின வண்டி ஒண்ணு பின்னால கிடக்கு. இதே பம்ப். கழட்டி மாட்டித் தரேன். ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போயிடலாம்."

மருமகன் இறங்கி வந்து வண்டியின் மூக்கைத் தடவிக் கொடுத்தார், மாட்டைத் தடவுகிற மாதிரி. சிரித்தார்கூட.

கொக்கு எழுந்தான். முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். பிறகுதான் அதைக் கேட்டான்.

"அது சரி. ஒரு மாசமா ஊத்தின தண்ணி எங்க போச்சு? ரெண்டு டேங்க்லயும் ஒரு சொட்டு வெளித்தண்ணி இல்ல. யாரு ஊத்துறது?"

மருமகன் என்னைப் பார்த்தார். அன்றைக்குச் சண்டை போட்டதற்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"நீங்கதானே மாமா ஊத்துறீங்க?"

"நானா? ரொப்பி வைக்கிறதுதான் நான். பானெட்டைத் தொடக் கூடாதுன்னு சொன்னவர் நீங்க."

"நான் எப்ப சொன்னேன்?"

"உங்க பொண்டாட்டி வந்து சொன்னா. என் வண்டியில கை வெக்க வேண்டாம், நானே ஊத்திக்கறேன்னு நீங்க சொன்னதா."

"என்கிட்ட, அப்பாவே விடியக்காலையில ஊத்திடறார், நீங்க பாக்க வேண்டாம்னு சொன்னா."

கொக்கு கையில் இருந்த துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

மகள் அந்தப் பழைய சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். காலைப் பார்த்தேன். செருப்பு வார் புதைந்த இடத்தில் சதை இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது.

"என்ன பாக்கறீங்க? நான்தான் குடிச்சேன்" என்றாள்.

மருமகன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"முதல்ல மூடியில கொஞ்சம் ஊத்தி நாக்கை நனைச்சேன். அவ்வளவுதான் நினைச்சேன். மெஷின்லேருந்து எழுந்து வர்ற அன்னைக்கு வாய்க்குள்ள துணி வெச்சு அடைச்ச மாதிரி இருக்கும். எச்சில் ஊறாது. நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டிக்கிட்டிருப்பீங்க. நான் பின்னால படுத்திருப்பேன். கால்கிட்டயே கேன்."

"வீட்ல சாயங்காலம் வண்டிக்குள்ள போய் உக்காருவியே. காத்தாட இருக்குன்னு…" என்றார் மருமகன்.

"ஆமா."

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை…" என்று ஆரம்பித்தேன்.

"சொன்னா? கோடு போட்ட பாட்டிலைக் காட்டுவீங்க." குரல் ஏறவில்லை. அதுதான் கேட்க முடியவில்லை. "நீங்க எல்லாரும் எனக்குத் தெரியாம சமையல்கட்டுல ஒளிஞ்சு நின்னு குடிக்கறீங்க. பாவம், என் மனசு நோகக் கூடாதுன்னு. எனக்குக் கேக்குது. அப்பா குடிக்கும்போது தொண்டையில ஒரு சத்தம் வரும். சுவத்துக்கு இந்தப் பக்கம் படுத்துக்கிட்டு அதை எண்ணுவேன்."

கழுத்தில் கை வைத்துக்கொண்டேன்.

"பம்பைக் கழட்டறேன்" என்று கொக்கு பின்பக்கம் போனான்.

மருமகன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "டாக்டர்கிட்ட எவ்வளவு பேசினேன். மெஷின் பொய்யின்னு மேசையைத் தட்டினேனே." கொஞ்ச நேரம் கழித்து எழுந்து என் அருகில் வந்தார். "மாமா, இது இங்கேயே இருக்கட்டும். டாக்டருக்குத் தெரிஞ்சா ஆபரேஷனைத் தள்ளிடுவாங்க. சின்னவனுக்கும் தெரியக் கூடாது."

"சின்னவனுக்கு ஏன்?"

"அவன் மனசு மாறிட்டா?"

ஒரு மாதமாக ஒரு வார்த்தை பேசாதவர் என்னிடம் வந்து கேட்ட முதல் காரியம் இது. சின்னவன் சோம்பேறி, வாயாடி, என் பேச்சை எதிலும் கேட்காதவன். ஆனால் அவன் வயிற்றைக் கீறி எடுத்து இவளுக்கு வைக்கப் போகிறார்கள். வைத்த பிறகும் ஆயுசு முழுக்க மருந்து, கட்டுப்பாடு, அளவு. இவளால் ஒரு பாட்டிலின் கோட்டைத் தாண்டாமல் இருக்க முடியவில்லை.

கொக்கு பம்பை மாட்டி, காற்றை வெளியேற்றி, மூடியைத் திறந்து காட்டினான். தண்ணீர் சுழன்றது. விளக்கு அணைந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். கேனை மருமகன் டிக்கியில் போட்டுப் பூட்டியிருந்தார். மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எடை பார்க்கிற இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். நர்ஸ் எண்ணைப் பார்த்தாள், டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். அந்தம்மா வயதில் சின்னவர். வந்ததும் காலை அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

"அளந்துதான் குடிக்கறாங்களா?"

மருமகன் வாயைத் திறந்தார். "டாக்டர், அந்த மெஷின்ல…"

"குடிச்சா" என்றேன். "ஒரு மாசமா. வண்டிக்கு வெச்ச தண்ணி. எங்களுக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

மருமகன் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. மகள் என்னைப் பார்க்கவே இல்லை.

டாக்டரம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் தேவலை. நாற்காலியை இழுத்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ரொம்பப் பேருக்கு நடக்கறதுதான்" என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்து எங்களிடம் வந்தார். இதயத்தை மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். அது வரும்வரை ஆபரேஷன் தேதி கிடையாது. "தம்பி இன்னைக்குக் கடைசி ரத்தப் பரிசோதனைக்கு வர்றார். அவருக்கும் இது தெரியணும் ஐயா. அவர் உடம்பு. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன்."

மருமகன் வராந்தாவின் கோடிக்குப் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே போனேன். மகள் கையில் ஊசி ஏற்றி, குழாயை மாட்டியிருந்தார்கள். ரத்தம் வெளியே போய், சுற்றி, திரும்பி வந்துகொண்டிருந்தது.

"காட்டிக் கொடுத்துட்டீங்க" என்றாள்.

"ஆமா."

"எனக்குக் கோபம் இல்லப்பா." சும்மா இருந்த கையால் என் விரலைப் பிடித்தாள். கை குளிர்ந்து கிடந்தது. "முடிஞ்சுது. சத்தியமா இனிமே அளவுக்கு மேல ஒரு சொட்டுக் குடிக்க மாட்டேன். என்னை நம்புங்கப்பா. தம்பிகிட்ட அதையும் சேத்துச் சொல்லுங்க."

துப்புரவு செய்கிற பெண் ஒருத்தி கட்டில்களுக்கு நடுவில் தரையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள். அழுக்குத் தண்ணீர். மகள் என் விரலைப் பிடித்தபடியே, "நம்புங்கப்பா" என்று இன்னொரு தடவை சொன்னாள். சொல்லும்போது கண் என் மேல் இல்லை. வாளி நகர நகர, கண்ணும் கூடவே நகர்ந்தது. அவளுக்கே அது தெரியவில்லை.

"சரி. தூங்கு" என்றேன்.

சின்னவன் வாசற்படியில் நின்றிருந்தான். முழங்கைக்குள் பஞ்சை வைத்து மடக்கியிருந்தான். ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறான். எப்போது வந்தான், எவ்வளவு கேட்டான் தெரியவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. நடுவில் ஒரு தடவை சிரித்தான், கேனா என்று. பிறகு சிரிக்கவில்லை.

"பாவம்பா அக்கா" என்றான். "தேதி தள்ளினா தள்ளட்டும். அதான் சத்தியம் பண்ணிட்டாளே. நான் மாற மாட்டேன்."

"அவ சொன்னதை நீ நம்புறியா?"

"நீங்க நம்பலையா?"

அவனுக்குக் குரலை அடக்கிப் பேசத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மெஷின் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. பதிலுக்குக் காத்திருக்கிற ஒருத்தி அங்கே படுத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன். "வயித்துக்கு ஏதாவது சாப்பிடு, ரத்தம் குடுத்திருக்கே" என்று அவனிடம் சொல்லிவிட்டு, படி வழியாக இறங்கி நடந்தேன்.